கார்பன் தடத்தைக் குறைப்பது எப்படி? ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான் வரும். அதை எரித்தால் கிடைக்கும் கரியமில வாயுவின் எடையோ சுமார் 2.3 கிலோ. முதன்முதலில் இதைப் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. எரியும்போது பெட்ரோலில் உள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. 12 கிராம் கார்பன் 44 கிராம் வாயுவாகிவிடுகிறது. 40 லிட்டர் டேங்கை நிரப்பி ஓட்டித் தீர்த்தால் 90 கிலோவுக்கு மேல் காற்றில் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாததால் நமக்கு அதன் கனம் தெரிவதில்லை.

இப்படி உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளியே விடுகிறோம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த இந்த வாயு, ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-இல் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது 315-ஐ ஒட்டி இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

நாம் செய்வதாலும் வாங்குவதாலும் இப்படிக் காற்றில் சேரும் வாயுவின் மொத்தக் கணக்குதான் கார்பன் தடம். அதைக் குறைக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் இருக்கிறது. ஆனால் அந்த ஆசையெல்லாம் போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பதிலும் பழைய மின்னஞ்சல்களை அழிப்பதிலும் செலவாகிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். யாருக்கும் ஊக்கம் அளவோடுதான் இருக்கும். அதை எங்கே செலவழித்தால் கிலோ கணக்கில் குறையும், எங்கே கிராம் கணக்கில் குறையும் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். கீழே உள்ள வரிசை அந்த எண்ணத்தில் எழுதியதுதான்.

முதல் படி: ஒரு பக்கம் ஒதுக்கிக் கணக்கு எழுதுங்கள்

ஒரு நோட்டில் மூன்று எண்களைக் குறியுங்கள்: போன 12 மாதங்களில் வீட்டில் செலவான மின்சார யூனிட், வாகனத்துக்குப் போட்ட எரிபொருள், சமையலுக்கு எரித்த எரிவாயு. பழைய ரசீதுகள் இல்லையென்றால் ஒரு மாதம் மட்டும் கவனமாகக் குறித்து 12-ஆல் பெருக்கினாலும் போதும்.

அடுத்து பெருக்கல். பெட்ரோல் என்றால் லிட்டருக்கு 2.3 கிலோ, டீசல் 2.7 கிலோ. சிலிண்டரில் வரும் எரிவாயு கிலோவுக்கு 3 கிலோ. மின்சாரம்தான் இடத்துக்கு இடம் மாறும். முழுக்க நிலக்கரியில் எடுத்த ஒரு யூனிட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயு இருக்கும். இயற்கை எரிவாயுவில் எடுத்தது அதில் பாதி. காற்றாலை, சூரியஒளி, அணுமின் நிலையம் என்றால், அவற்றைக் கட்டும்போது வெளியாவதையும் சேர்த்தே சில பத்து கிராம்தான். உங்கள் பகுதிக்கு வரும் மின்சாரத்தில் எது எவ்வளவு பங்கு என்று அரசின் மின்துறை வெளியிடும் புள்ளிவிவரத்தில் தேடிப் பாருங்கள்.

ஒரு மாதிரிக்கு: மாதம் 200 யூனிட் மின்சாரம் செலவழிக்கும் வீடு, யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது 140 கிலோ. 30 லிட்டர் பெட்ரோல் 69 கிலோ. 8 கிலோ எரிவாயு 24 கிலோ. கூட்டினால் மாதம் 233 கிலோ, ஆண்டுக்கு 2.8 டன். இதே வீட்டில் ஒருவர் 5,000 கிலோமீட்டர் தொலைவுள்ள ஊருக்கு ஒரு தடவை விமானத்தில் போய் வந்தால் அதற்கு மட்டும் சுமார் 1 டன் சேரும். வீட்டின் ஓராண்டுப் பெட்ரோலை விட அது அதிகம். நோட்டில் எழுதும்வரை இந்த ஏற்ற இறக்கம் யாருக்கும் உறைக்காது.

இரண்டாம் படி: இரவில் மீட்டரைப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. எல்லாரும் படுத்த பிறகு, விளக்கு, மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மின் மீட்டரின் முன் போய் நில்லுங்கள். புதிய மின்னணு மீட்டர்களில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். எத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. ஒரு நிமிடத்தில் எத்தனை மின்னல் என்று எண்ணி, 60-ஆல் பெருக்கி, 3200-ஆல் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

நான் எண்ணியபோது நிமிடத்துக்கு 8 மின்னல். 8 பெருக்கல் 60 வகுத்தல் 3200 என்றால் 0.15 கிலோவாட், அதாவது 150 வாட். எதுவுமே ஓடவில்லை என்று நாங்கள் நினைத்த வீட்டில்! இரவும் பகலும் விடாமல் ஓடும் ஒவ்வொரு வாட்டும் ஆண்டுக்கு 8.76 யூனிட் எடுத்துக்கொள்ளும். 150 வாட் என்றால் 1,300 யூனிட்டுக்கு மேல்.

பிறகு ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டே வந்தோம். டிவியோடு இருந்த செட்டாப் பெட்டி, அணைத்தும் சூடாகவே இருந்த ஒலிபெருக்கி, எப்போதோ விருந்தினர் வருகிறார்கள் என்று இயக்கிவிட்டு மறந்துபோன இரண்டாவது குளிர்பெட்டி. உள்ளே இரண்டு தண்ணீர் பாட்டில்கள் மட்டும் இருந்தன. அதை அன்றைக்கே நிறுத்தினோம். ஒரு எச்சரிக்கை: குளிர்பெட்டியின் கம்ப்ரெஸர் ஓடி ஓடி நிற்கும் என்பதால் ஒரே ஒரு நிமிடம் எண்ணி முடிவு கட்டாதீர்கள். கால் மணி நேர இடைவெளியில் மூன்று நான்கு முறை எண்ணுங்கள்.

விளக்குகளைப் பற்றி ஒரே வரி: பழைய குண்டு பல்பு ஏதாவது மிச்சமிருந்தால் எல்இடிக்கு மாற்றுங்கள். 60 வாட் செய்த வேலையை 9 வாட் செய்யும். அதோடு விளக்கு விஷயம் முடிந்தது.

மூன்றாம் படி: வெந்நீர்

தண்ணீரைச் சூடாக்குவதற்கு எவ்வளவு சக்தி தேவைப்படுகிறது என்பதை நாம் யாரும் சரியாக உணர்வதில்லை. நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 100 லிட்டர். அதை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர 1.75 யூனிட் வேண்டும். அந்த ஒரு குளியலுக்குச் செலவாகும் மின்சாரத்தில் ஒரு 9 வாட் எல்இடி விளக்கு 190 மணி நேரம் எரியும். போனை ஒரு முறை முழுதாகச் சார்ஜ் செய்ய 0.02 யூனிட் ஆகிறது. ஆண்டு முழுவதும் தினமும் செய்தாலும் 7 யூனிட்தான். நான்கே குளியல்!

ஆகவே இங்கே கை வைத்தால் பலன் உடனே தெரியும். 20 லிட்டர் வாளியில் பிடித்துக் குளித்தால் 0.35 யூனிட்டில் முடிந்துவிடும். ஷவர்தான் வேண்டும் என்றால் நீர் குறைவாக விடும் ஷவர் தலையை மாட்டிக்கொண்டு நேரத்தைப் பாதியாக்குங்கள். கீசரை நாள் முழுக்க போட்டு வைக்காமல் தேவைக்குக் கொஞ்சம் முன்னால் போடுங்கள். தொட்டி வைத்த கீசரின் வெப்பத்தை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே இறக்கி அப்படியே விட்டுவிடாதீர்கள். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும், அது நுரையீரலைத் தாக்கக்கூடியது. வெயில் நன்றாக விழும் கூரை இருந்தால் சூரிய வெந்நீர்க் கலன் போடுவதை விடச் சிறந்த முதலீடு எனக்குத் தெரியவில்லை.

துணி துவைக்கும் இயந்திரத்திலும் இதே கதைதான். வெந்நீரில் துவைத்தால் மின்சாரத்தின் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. பச்சைத் தண்ணீரில் துவையுங்கள், கொடியில் உலர்த்துங்கள்.

நான்காம் படி: ஏசியும் அதற்குள் இருக்கும் வாயுவும்

ஏசியை 20-இல் வைக்காமல் 26-இல் வைத்து மின்விசிறியைச் சேர்த்துப் போடுங்கள், வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள், வெயில் படும் சன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் கொடுங்கள். கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்த பிறகு திரை போடுவதை விட, வெளியிலேயே தடுப்பது பல மடங்கு நல்லது. இதெல்லாம் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அதிகம் பேசப்படாத விஷயம் உள்ளே ஓடும் குளிரூட்டும் வாயு. எங்கள் வீட்டு ஏசிக்கு மூன்று கோடைகள் தொடர்ந்து கேஸ் போட்டோம். ஒவ்வொரு முறையும் வந்த மெக்கானிக் "கேஸ் தீர்ந்துபோச்சு" என்றார், நிரப்பினார், போனார். எனக்கும் அது சாதாரணமாகத்தான் பட்டது, வண்டிக்குப் பெட்ரோல் போடுவது போல. உண்மையில் ஏசியில் இருக்கும் வாயு தீரவே கூடாது. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை விழுந்து காற்றில் கலந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கலந்தால் என்ன? எங்கள் ஏசியில் இருந்தது ஆர்-410ஏ. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவை விட ஏறத்தாழ 2,088 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அதில் ஒரு கிலோ கசிந்தால் 2 டன்னுக்கு மேல். சுமார் 900 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். நான் பைக்கை விட்டுவிட்டு மாதக் கணக்கில் பேருந்தில் போய்ச் சேமித்ததை, சுவரில் மாட்டியிருந்த பெட்டி சத்தமில்லாமல் கொட்டிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு உண்மையிலேயே வயிறு கலங்கியது.

நான்காவது முறை வேறொருவரைக் கூப்பிட்டு, "முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள், பிறகு கேஸ் போடலாம்" என்றோம். வெளிப்பெட்டியில் செப்புக் குழாயை முடுக்கும் நட்டின் அடியில் எண்ணெய்க் கறை இருந்தது. வாயுவோடு சேர்ந்து கம்ப்ரெஸர் எண்ணெயும் கசியும் என்பதால் அந்தக் கறைதான் துப்பு. சோப்பு நுரையைத் தடவியதும் குமிழி விட்டது. குழாயின் நுனியைச் சரிசெய்து முடுக்கினார், அதற்கப்புறம் கேஸ் போடவே இல்லை.

ஆகவே மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். கசிவைத் தேடாமல் நிரப்ப விடாதீர்கள். வீடு மாறும்போதோ ஏசியைக் கழற்றும்போதோ, வாயுவை வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைத்துவிட்டு, அதாவது 'பம்ப் டவுன்' செய்துவிட்டு, பிறகு குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். சிலர் வேலையைச் சீக்கிரம் முடிக்க அப்படியே திறந்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். புதிதாக வாங்கும்போது என்ன வாயு என்று பெட்டியின் ஸ்டிக்கரில் பாருங்கள். ஆர்-32 என்றால் 675 மடங்கு. ஆர்-290 என்பது புரொப்பேன், அதன் மதிப்பு ஒற்றை இலக்கம். தீப்பற்றக்கூடியது என்பதால் அதைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் பயிற்சி பெற்றவரே வர வேண்டும். ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலி நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அது முழுதாக நடக்கும்வரை நம் வீட்டு நட்டை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: அடுப்பு

பாத்திரத்தை மூடிச் சமையுங்கள், பருப்பு, பயறு வகைகளை முன்கூட்டியே ஊற வையுங்கள், பிரஷர் குக்கரை எடுங்கள், கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். சாதாரணப் பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் எவ்வளவு தீ வைத்தாலும் 100 டிகிரிதான். மிச்சத் தீ ஆவியாக்க மட்டுமே உதவும்.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு: உங்கள் மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. எரிவாயு அடுப்பில் வெப்பத்தின் சுமார் 40 சதவீதம்தான் பாத்திரத்தில் ஏறும், இண்டக்‌ஷனில் 85 சதவீதம் வரை ஏறும். ஆனாலும் முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றால் எரிவாயுதான் இன்னும் குறைவான கரியமில வாயுவை விடுகிறது. சூரியஒளியும் காற்றாலையும் கணிசமாக உள்ள இடத்தில் தயங்காமல் மாறுங்கள்.

ஆறாம் படி: சக்கரமும் சிறகும்

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் ஒருவர் தனியாகப் போனால் கிலோமீட்டருக்கு 150 கிராம். நால்வர் போனால் ஆளுக்கு 40 கிராமுக்கும் கீழே. அலுவலகம் ஒரே திசையில் உள்ள மூன்று பேரைத் தேடிப் பிடிப்பதற்கு ஒரு வாரம் அலைந்தாலும் பரவாயில்லை என்று சொல்வேன்.

இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் உள்ள சின்னப் பயணங்களை முதலில் கவனியுங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் சில கிலோமீட்டரில் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். அந்தத் தூரம்தான் நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் தோதானது. யாருக்காவது காத்திருக்கும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள். சும்மா நின்றபடி ஓடும் கார் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை எரிக்கும். டயர் காற்று, நிதான வேகம் இரண்டும் ஓரளவு உதவும்.

மின்சாரக் கார் கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், நிலக்கரி மின்சாரத்தில் அதற்கும் 140 - 150 கிராம் ஆகிவிடும். பெரிய வித்தியாசம் இல்லை. தூய்மையான மின்சாரத்தில் இது 10 கிராமுக்கும் கீழே இறங்கும். பேட்டரி செய்யும்போதே நிறையக் கரியமில வாயு வெளியாகிறது என்பதால், மாதம் நூறு கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் இருக்கும் காரை விற்றுப் புதியது வாங்க அவசரப்பட வேண்டாம். தினமும் நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு மாறுவது நல்லது.

விமானம்தான் கடினமான பேச்சு. ஒரு பயணிக்குக் கிலோமீட்டருக்கு 100 கிராம் என்பது தோராயமான கணக்கு. மேலே ஏறுவதற்கே நிறைய எரிபொருள் வேண்டும் என்பதால் குறுகிய தூர விமானங்களில் இது இன்னும் கூடும். உயர் வகுப்பு இருக்கை இரண்டு மூன்று பேருக்கான இடத்தை எடுத்துக்கொள்வதால் அதன் பங்கும் அதே அளவு பெருகும். கப்பலில் வரும் சரக்குக்கும் விமானத்தில் வரும் சரக்குக்கும் பல மடங்கு வித்தியாசம் உண்டு. குடும்பத்தைப் பார்க்கப் பறப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரக் கூட்டத்துக்காகப் பறப்பதை நிறுத்த முடியும். ஓர் இரவு ரயிலில் போகக்கூடிய தூரத்துக்கு ரயிலில் போக முடியும்.

ஏழாம் படி: தட்டில் இருப்பதும் தட்டில் மிஞ்சுவதும்

ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி 2018-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ஒரு கிலோ மாட்டிறைச்சிக்குப் பல பத்து கிலோ, கோழிக்கறிக்குப் பத்து கிலோவுக்கு உள்ளாக, பருப்பு வகைகளுக்கு ஒன்றிரண்டு கிலோ என்ற அளவில் வாயுக்கள் வெளியாகின்றன என்று அதில் தெரிந்தது. மாடும் ஆடும் அசைபோடும் விலங்குகள். அவற்றின் வயிற்றில் புல் புளிக்கும்போது மீத்தேன் உருவாகி ஏப்பமாக வெளியேறுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவை விட 27 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும். தண்ணீர் தேங்கிய நெல்வயலும் மீத்தேன் விடும் என்பதால் சைவம் என்றாலே எல்லாம் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம்.

அருகில் விளைந்ததையே உண்ண வேண்டும் என்று அடிக்கடி சொல்வார்கள். அதில் வேறு நன்மைகள் உண்டு. ஆனால் உணவின் மொத்தத் தடத்தில் போக்குவரத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. எங்கிருந்து வந்தது என்பதை விட என்ன உணவு என்பதே பெரிய கேள்வி. விமானத்தில் வரும் பழங்களும் மீனும் மட்டும் விதிவிலக்கு. இறைச்சி உண்பவர் வாரத்தில் சில நாள் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சிக்குப் பதில் கோழி, முட்டை, பயறு என்று மாற்றினாலே நோட்டில் தெரியும்.

அப்புறம் வீணாவது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022-இல் மட்டும் 105 கோடி டன் உணவு வீணாகியது. அதில் 60 சதவீதம் வீடுகளில். கடைக்குப் போகும் முன் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள், பழையதை முன்னால் நகர்த்துங்கள், சமைக்கும் அளவைக் குறித்து வைத்துக் குறையுங்கள். வீணான உணவு குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகும்போது மறுபடியும் மீத்தேன்தான். வீட்டிலேயே உரமாக்குங்கள். காய்கறித் தோல் ஒரு கை என்றால் காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ இரண்டு கை போட்டு, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். நாற்றம் வந்தால் காற்று போதவில்லை, ஈரம் அதிகம் என்று பொருள். இன்னும் கொஞ்சம் காய்ந்த இலை போட்டுக் கிளறினால் இரண்டே நாளில் மண்வாசனை திரும்பிவிடும்.

எட்டாம் படி: வாங்குவதற்கு முன்

ஒரு புதிய ஸ்மார்ட்போன் உங்கள் கைக்கு வரும் முன்பே, அதன் ஆயுள் முழுவதற்குமான தடத்தில் ஐந்தில் நான்கு பங்கு நடந்து முடிந்திருக்கும். சார்ஜரைப் பிடுங்குவதை விட, போனை இன்னும் இரண்டு ஆண்டு வைத்திருப்பது மேல் என்று நான் சொல்வது அதனால்தான். பேட்டரியை மாற்றுங்கள், திரையைச் சரிசெய்யுங்கள். மடிக்கணினி, மரச்சாமான், துணி எல்லாவற்றுக்கும் இதே. தையல் பிரிந்ததைத் தைக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் அது பெரிய பலம்.

ஒன்பதாம் படி: மரக்கன்று நடுவதற்கு முன் ஒரு பெருக்கல்

வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கிலோ கரியமில வாயுவை இழுக்கும். மேலே சொன்ன ஒரு விமானப் பயணத்தை ஈடுகட்ட 50 மரங்கள் ஓராண்டு முழுக்க உழைக்க வேண்டும், அதுவும் அவை வளர்ந்த பிறகு. மரம் நடுங்கள், நிழலுக்காகவும் பறவைக்காகவும் நடுங்கள், தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுங்கள். நீங்கள் வெளிவிட்டதை வேறெங்கோ ஈடுகட்டிவிடுகிறோம் என்று சொல்லி டிக்கெட்டோடு சேர்த்து விற்கும் ஈட்டுச் சான்றிதழை நம்பிக் கூடுதலாகப் பறக்க மட்டும் வேண்டாம்.

பத்தாம் படி: வீட்டுக்கு வெளியே

தனி ஆளின் கார்பன் தடம் என்ற பேச்சை உலகெங்கும் பரப்பியதில் பிபி என்ற எண்ணெய் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2004-இல் அது பொதுமக்கள் தங்கள் தடத்தைக் கணக்கிட ஒரு கணிப்பானை வெளியிட்டது. பழியை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று சிலர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. மின்நிலையத்தையும் ரயில் பாதையையும் நாம் தனியாக மாற்ற முடியாது.

அதனால் நோட்டை வீட்டோடு மூடிவிடாதீர்கள். குடியிருப்போர் சங்கத்தில் மொட்டை மாடியில் சூரியத் தகடு வைக்கும் பேச்சை எடுங்கள். வெயில் நன்றாக உள்ள இடத்தில் 1 கிலோவாட் தகடு நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும். அலுவலகத்தில் ஏசியை 20-இல் வைத்துவிட்டு எல்லாரும் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தால், அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் ஏசி மெக்கானிக்கிடம் கசிவைப் பற்றி ஒருமுறை பேசிவிட்டால், அவர் அடுத்துப் போகும் நூறு வீடுகளிலும் அது நடக்க வாய்ப்பு இருக்கிறது. பேருந்துக்கும் நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் குரல் கொடுப்பவருக்கு ஓட்டுப் போடுங்கள்.

ஓராண்டு கழித்து

அதே நோட்டு, அதே மூன்று எண்கள், அவற்றோடு விமானப் பயணத்துக்கு ஒரு வரி, பக்கத்துப் பக்கத்தில். எங்கள் வீட்டில் முதல் ஆண்டு அதிகம் குறைந்தது மின்சாரம், இரண்டாவது குளிர்பெட்டியும் ஷவரும்தான் காரணம். பெட்ரோல் கொஞ்சம் குறைந்தது. விமானம் அப்படியே இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், இந்த ஆண்டு அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.